கம்ப்யூட்டரை ஜெயிக்கிறேன், டீக்கடை பெஞ்சில் தோற்கிறேன். என்ன கோளாறு?

ஜெராக்ஸ்காரன் | செவ்வாய், இரவு 10.48

மக்களே வணக்கம். இத்தனை நாளும் வாசித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 43. மதுரை கே.கே.நகர் பக்கம் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை. 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பை ஜெயித்த அன்றைக்கு, கடைக்கு வந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் மொபைலில் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேலை முடிந்து காசு கொடுத்த பிறகும் போகவில்லை. எனக்கு எந்தக் காய் எப்படிப் போகும் என்று மட்டும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே ஆசை வந்தது. அன்று ராத்திரியே போனில் செஸ் இறக்கினேன்.

அதிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டரோடுதான் ஆட்டம். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில், ராத்திரி படுக்கையில் போனில். மொத்தம் எட்டு படி. நாலாம் படியில் இப்போது பத்துக்கு ஏழு ஜெயிக்கிறேன். சரி, நாமும் ஆள்தான் என்று ஒரு நினைப்பு.

கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடை. ஏழரைக்கு மேல் ஒரு பெரியவர் வருவார், ரிட்டயர்டு போஸ்ட்மேன். மஞ்சப்பையிலிருந்து சுருட்டி வைத்த ரெக்ஸின் போர்டை எடுத்துப் பெஞ்சில் விரிப்பார். கறுப்புக் காய்களில் ஒரு பிஷப் தொலைந்துபோய், அதன் இடத்தில் ஒரு நீலப் பேனா மூடி நிற்கும். அவரோடு இதுவரை ஒன்பது ஆட்டம் ஆடியிருக்கிறேன். ஒன்பதும் தோல்வி.

போன வாரத்து ஆட்டத்தைச் சொல்கிறேன், அப்போதுதான் என் வருத்தம் புரியும். அவர் வெள்ளை. ஈ4 போட்டார், நான் ஈ5 (எழுத்தும் எண்ணும் சேர்ந்தால் போர்டில் ஒரு கட்டத்தின் பேர்). குதிரையை எஃப்3க்கு எடுத்தார், நான் டி6 சிப்பாயால் முட்டுக் கொடுத்தேன். அவர் பிஷப் சி4. நான் பேனா மூடியை ஜி4க்குக் கொண்டுபோய் அந்தக் குதிரையைக் கட்டிப் போட்டேன். பின்னால் ராணி நிற்கிறதே, குதிரை எப்படி நகரும் என்று கணக்கு. இன்னொரு குதிரையை சி3க்கு எடுத்தார். நான் ஜி6.

அப்போது மனுஷன் அந்தக் கட்டிப் போட்ட குதிரையையே தூக்கி என் ஈ5 சிப்பாயை வெட்டினார். ராணி பப்பரப்பே என்று திறந்து கிடக்கிறது. நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. பேனா மூடியால் ராணியை வெட்டி, டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தேன். பெரியவர் ஒரு வாய் டீ குடித்தார். பிஷப்பால் எஃப்7ஐ வெட்டி செக் வைத்தார். ராஜாவுக்கு ஈ7 ஒன்றுதான் வழி. அப்புறம் சி3 குதிரை டி5க்கு வந்து உட்கார்ந்தது. மேட். ஏழே மூவ்.

வடை எடுக்க வந்த பையன்கூட சிரித்துவிட்டான்.

கேள்வி இதுதான். ஒரு வருஷம் கம்ப்யூட்டரோடு ஆடியது வீணா? இல்லை, படியை ஏற்றிக்கொண்டே போனால் சரியாகிவிடுமா?

ஜிகர்தண்டா | செவ்வாய், இரவு 10.55

எந்த டீக்கடை?

யானைமலை_யானை | செவ்வாய், இரவு 11.20

வருத்தப்படாதீங்க அண்ணே, அந்தக் குழியில் விழாதவன் எவனும் இல்லை. அதற்கு லெகால் மேட் என்று பேர். 18ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஆடிய லெகால் என்பவர் பேரில் வழங்குகிறது. அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் பிலிதோருக்கே ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர். நீங்கள் போட்ட டி6க்குத்தான் பிலிதோர் தடுப்பு என்று பேர். ஆக, சீடன் தடுப்பைப் போட்டு குருவிடம் அடி வாங்கியிருக்கிறீர்கள்.

தப்பு எங்கே என்றால், ராணியை வெட்டியது இரண்டாவது தப்பு. டி6 சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்டியிருந்தால், அவர் ராணி உங்கள் பேனா மூடியை ஜி4இல் வெட்டும். கணக்குப் பார்த்தால் உங்களுக்கு ஒரு சிப்பாய் நட்டம், அவ்வளவுதான். ஆட்டம் ஓடும். முதல் தப்பு ஜி6. அதற்குப் பதிலாக பி8 குதிரையை சி6க்கு எடுத்திருந்தால் இந்த வித்தையே செல்லாது. அவர் ஈ5ஐ வெட்டினால் நீங்கள் குதிரையால் குதிரையை வெட்டலாம். அங்கே போய் நிற்கிற உங்கள் குதிரை ஜி4 பிஷப்பையும் காக்கும், அவருடைய சி4 பிஷப்பையும் மிரட்டும். வெள்ளைக்கு ஒரு காய் சுத்தமாகப் போச்சு. வீட்டில் போர்டில் வைத்துப் பாருங்கள், போனில் வேண்டாம்.

ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாலாம் படிக் கம்ப்யூட்டர் உங்களுக்கு எத்தனை தடவை ராணியைச் சும்மா கொடுத்திருக்கிறது?

ஜெராக்ஸ்காரன் | செவ்வாய், இரவு 11.31

எண்ணிப் பார்த்ததில்லை. ரெண்டு மூணு ஆட்டத்துக்கு ஒரு தடவை ராணியோ யானையோ தரும். நல்லா ஆடிக்கொண்டே வரும், திடீரென்று ஒரு காயைக் கொண்டுவந்து வாயில் போடும். உண்மையைச் சொன்னால், அதற்காகக் காத்துக்கொண்டே இருப்பேன்.

யானைமலை_யானை | செவ்வாய், இரவு 11.33

அதான்.

இன்ஜின்பித்தன் | புதன், காலை 7.05

மேலூர்க்காரன், இப்போது சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. யானை அண்ணன் கேட்டது சரியான கேள்வி. ஏன் அப்படித் திடீரென்று காயைக் கொடுக்கிறது என்று நான் சொல்கிறேன்.

நிறைய செஸ் ஆப்களுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பது ஸ்டாக்ஃபிஷ் என்கிற இன்ஜின், அதாவது செஸ் ஆடுகிற புரோகிராம். 2008இல் வந்தது. கிளாரங் என்ற பழைய இன்ஜினிலிருந்து பிரித்து வளர்த்தது, முழுக்க இலவசம், யார் வேண்டுமானாலும் மூல நிரலைப் பார்க்கலாம். 2020இல் அதற்குள் நியூரல் நெட்வொர்க்கும் சேர்ந்தது. முழுப் பலத்தில் அதை எந்த மனிதனும் ஜெயிக்க முடியாது, குகேஷாக இருந்தாலும் சரி. அப்படிப்பட்டதை உங்களுக்கும் எனக்கும் ஏற்ற மாதிரி பலவீனமாக்குவது எப்படி? அதில் 0 முதல் 20 வரை ஒரு திறன் அளவு இருக்கிறது. அதைக் குறைத்தால், இன்ஜின் முதலில் நல்ல மூவ்களைக் கண்டுபிடித்து வரிசைப்படுத்தும். அப்புறம் பகடை உருட்டின மாதிரி, சில நேரம் வேண்டுமென்றே கீழே உள்ளதை எடுக்கும். கூடவே எத்தனை மூவ் ஆழம் பார்க்கலாம், எவ்வளவு நேரம் யோசிக்கலாம் என்பதையும் கட்டிவிடுவார்கள்.

பரோட்டா கணக்கில் சொல்கிறேன். நல்ல பரோட்டா மாஸ்டரைக் கூப்பிட்டு, ‘பத்தில் ரெண்டைக் கருக்கிப் போடு’ என்றால் என்ன ஆகும்? எட்டு பிரமாதமாக இருக்கும், ரெண்டு கரி. ஆனால் புதிதாகக் கல்லில் நிற்கிற பையன் அப்படிக் கருக்க மாட்டான். அவன் வீசுவதே சரியாக இருக்காது, பத்துமே ஒரு மாதிரி இருக்கும். கூட்டம் சேர்ந்தால் பதறுவான். பார்சல் வந்தால் கல்லை மறந்துவிடுவான். அவன் தப்புக்கு ஒரு காரணம் இருக்கும். கம்ப்யூட்டர் தப்புக்குக் காரணமே கிடையாது, பகடைதான்.

நீங்கள் ஒரு வருஷமாகப் பழகியது கருகின பரோட்டாவைப் பொறுக்குகிற வேலை. பெரியவர் கையில் கருகினது எதுவும் விழவில்லை. அவர் கொடுத்தது தூண்டில்.

ஐந்தாம் படி, ஆறாம் படி ஏறினால் பகடை குறையும், அவ்வளவுதான். மனிதனாக ஆகாது.

ஜிகர்தண்டா | புதன், காலை 7.40

காலையிலேயே பரோட்டாவை ஞாபகப்படுத்தினால் எப்படி. ஜெராக்ஸ் அண்ணே, எந்த டீக்கடை என்று கேட்டேனே?

கணக்கு_டீச்சர் | புதன், மாலை 5.30

உசிலம்பட்டி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வாரம் இரண்டு நாள் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததே, அப்போதிருந்து பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம். ‘தம்பி’ குதிரை பொம்மையை இன்னும் நோட்டில் வரைந்துகொண்டு வருகிற பிள்ளைகள் உண்டு.

நான் பார்த்தவரையில், போனில் கற்றுக்கொண்டு வருகிற பிள்ளையை முதல் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம். காயைத் தொட்டு, எங்கெங்கே போகலாம் என்று புள்ளி எரிவதற்காகக் காத்திருக்கும். அப்புறம் எதிராளி செக் வைத்ததே தெரியாது, யாராவது சிவப்பாகக் காட்ட வேண்டும். ஒரு பையன் தோற்கிற மாதிரி ஆனதும் போர்டுக்குப் பக்கத்தில் விரலால் ஏதோ தேடினான். என்ன தேடுகிறாய் என்று கேட்டால் ‘அன்டூ’ என்கிறான், ஆடின மூவைத் திரும்ப எடுக்கிற பட்டன். சிரிப்பு வரவில்லை எனக்கு.

குகேஷ் கதையை எல்லாரும் சொல்கிறீர்கள். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை இன்ஜின் பக்கமே விடவில்லை. 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆன பையன், தன் தலையால் கணக்குப் போட்டு வளர்ந்தவன். உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆறு மாதம் கம்ப்யூட்டரை மூடி வையுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பெரியவரோடு ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதுங்கள்.

இன்ஜின்பித்தன் | புதன், மாலை 6.12

டீச்சர், மரியாதையோடு மறுக்கிறேன். குகேஷுக்குப் பக்கத்தில் ஒரு கிராண்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். நம்ம ஜெராக்ஸ் அண்ணனுக்கு யார் இருக்கிறார்கள்? தோற்ற ஆட்டத்தில் எந்த இடத்தில் தோற்றோம் என்று சொல்ல ஆள் வேண்டாமா?

கணக்கு_டீச்சர் | புதன், மாலை 6.20

பெரியவர் இருக்கிறாரே. கேட்டால் சொல்ல மாட்டாரா?

நத்தம்ரோடு | வியாழன், அதிகாலை 2.35

நேரத்தைப் பாருங்கள், அப்போதே நான் யார் என்று தெரிந்துவிடும். குடோன் செக்யூரிட்டி. ராத்திரி டூட்டி. தூங்கா நகரம் என்று பேர், ராத்திரி ரெண்டு மணிக்கு இட்லியும் கறிக்குழம்பும் கிடைக்கும், செஸ் ஆட ஓர் ஆள் கிடைக்க மாட்டான். டீச்சர் சொல்கிற மாதிரி கம்ப்யூட்டரை மூடி வைத்தால் எனக்கு இருப்பது நானும் ரெண்டு நாயும்தான்.

அதனால் கம்ப்யூட்டரைக் குறை சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதனிடம் என்ன கேட்கிறோம் என்பதுதான் விஷயம். நான் அதை ஜெயிக்கப் பார்ப்பதை விட்டு ரொம்ப நாள் ஆச்சு. கடைசிக் கட்டத்தை மட்டும் அதனிடம் ஆடுகிறேன். அதுவும் முழுப் பலத்தில்.

எப்படி என்றால், போர்டைக் காலி பண்ணிவிட்டு எனக்கு ஒரு ராஜா, ஒரு யானை, அதற்கு வெறும் ராஜா. இவ்வளவுதான். உலகத்திலேயே பலமான இன்ஜினாக இருந்தாலும் வெறும் ராஜாவை வைத்துக்கொண்டு என்ன பண்ணும்? தோற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் அது கடைசிவரை மிகச் சரியாக ஓடும். என் தப்பு ஒவ்வொன்றுக்கும் நடு போர்டுக்குத் தப்பித்துப் போகும். சரியாக ஆடினால் எந்த இடத்திலிருந்தும் 16 மூவுக்குள் மேட் பண்ணலாம். 50 மூவ் தாண்டினால் டிரா. முதல் ராத்திரி எனக்கு ஐம்பதும் போதவில்லை. ஓரத்துக்குத் தள்ளுவேன், யானையால் செக் வைப்பேன், அது நைசாக நழுவும். செக் வைப்பதால் ஒன்றும் நடக்காது, வேலி போட வேண்டும் என்று புரிய நாலு ராத்திரி ஆச்சு. யானையால் ஒரு கோட்டை அடைத்துவிட்டு, ராஜாவைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். ஆட்டைக் கிடைக்குள் ஓட்டுகிற மாதிரிதான். ஆட்டின் பின்னால் ஓடினால் அது உள்ளே போகாது, திறந்த பக்கத்தில் போய் நின்றால் தானாகப் போகும். இப்போது இருபதுக்குள் முடிக்கிறேன்.

அப்புறம் ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. என் ராஜா ஆறாவது வரிசையில், என் சிப்பாய் அதற்கு நேர் பின்னால் ஐந்தாவதில், எதிரி ராஜா நேர் எதிரே கடைசி வரிசையில். யார் முறையாக இருந்தாலும் நான் ஜெயிப்பேன். அதுவே சிப்பாய் முன்னால் ஓடி, ராஜா பின்னால் போனால் முக்கால்வாசி டிராதான். ஓரத்துச் சிப்பாய்க்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. ஒரு வருஷமாக நான் சிப்பாயைத்தான் முதலில் ஓட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை ஜெயித்த ஆட்டம் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

போர்டில் ஏழு காய் வரை எல்லா நிலைக்கும் விடை கண்டுபிடித்துப் பட்டியலே போட்டுவிட்டார்களாம், எங்கோ படித்தேன். அதாவது கடைசிக் கட்டத்தில் கம்ப்யூட்டர் சொல்வது கருத்து இல்லை, விடை. ஆரம்பத்தில் அது சொல்வது எனக்குப் புரிவதில்லை. கடைசியில் சொல்வது புரிகிறது. அதனால் அங்கே கற்றுக்கொள்கிறேன்.

கேட் மணி அடிக்குது, லாரி வந்துவிட்டது.

கணக்கு_டீச்சர் | வியாழன், காலை 8.10

நத்தம்ரோடு ஐயா, ஆட்டுக் கிடை உதாரணத்தை நாளைக்கே வகுப்பில் சொல்லப் போகிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ஆடு உண்டு.

கம்ப்யூட்டரை மூடி வையுங்கள் என்றதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி டூட்டிக்காரர்களுக்கும் விலக்கு.

வைகைக்கரை | வியாழன், காலை 9.25

என் அக்கா மகன் ஆன்லைனில் ஆடும்போது பக்கத்தில் இன்னொரு போனில் இன்ஜினை ஓடவிட்டு அது சொல்கிற மூவை ஆடினான். ஒரே வாரத்தில் ரேட்டிங் (ஆட்டத் திறனுக்குப் போடுகிற புள்ளி) எங்கேயோ போச்சு, அடுத்த வாரம் கணக்கையே மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் செஸ்ஸே ஆடுவதில்லை. இங்கே யாருக்கும் அந்த யோசனை வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

திருநகர்_தாத்தா | வியாழன், காலை 11.00

இளைஞர்களே, எனக்கு 71. நாங்கள் ஆட ஆரம்பித்தபோது மேனுவல் ஆரோன் பேர்தான் பேப்பரில் வரும். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். ஆனந்த் 1988இல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது இந்தியாவிலேயே அவர் ஒருவர்தான். இப்போது எண்ண முடியவில்லை.

கம்ப்யூட்டர் ஜெயிக்கும் என்று நாங்கள் நம்பவே இல்லை. 1996இல் உலக சாம்பியன் காஸ்பரோவ் டீப் புளூ என்கிற கம்ப்யூட்டரை 4-2 என்று ஜெயித்தார், பார்த்தாயா என்றோம். 1997 மே மாதம் நியூயார்க்கில் அது அவரை மூன்றரைக்கு இரண்டரை என்று ஜெயித்துவிட்டது. ஆபீஸில் அன்றைக்கு மத்தியானம் ஒருத்தரும் போர்டை எடுக்கவில்லை. ஏதோ சொந்தக்காரர் வீட்டுத் துக்கம் மாதிரி. ஒரு வாரத்தில் மறந்துவிட்டு மறுபடி ஆடினோம் என்பது வேறு விஷயம்.

பிறகு டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கம்ப்யூட்டரோடு ஆடியிருக்கிறேன். அப்போதும் ஜெராக்ஸ் தம்பி சொல்கிற அதே கதைதான். ஒரே தொடக்கத்தை ஆடினால் அதே மாதிரி பதில் ஆடும், ஒரு தடவை ஜெயித்த வழியிலேயே மறுபடி ஜெயிக்கலாம். நான் பெரிய ஆள் என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன். என் மாமனார் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதை முடித்துவைத்தார்.

செஸ் நமக்குப் புதிதில்லை. திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் என்றே சிவனுக்குப் பேர். ராஜகுமாரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்தவர் என்று தலபுராணம்.

ஜிகர்தண்டா | வியாழன், காலை 11.08

நம்ம திருப்புவனமா தாத்தா? மானாமதுரை போகிற வழியில் இருக்கே? எத்தனையோ தடவை போயிருக்கேன், கேள்விப்பட்டதே இல்லையே.

திருநகர்_தாத்தா | வியாழன், காலை 11.30

அது இல்லை தம்பி. இது திருப்பூவனூர், நீடாமங்கலம் பக்கம், திருவாரூர் மாவட்டம். நம்ம ஊர்ப் பக்கம் என்றால் மண்டபத் தரையில் கீறியிருக்கிற ஆடுபுலிக் கட்டம்தான். மூன்று புலி, பதினைந்து ஆடு. அதற்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டதா?

இன்ஜின்பித்தன் | வியாழன், இரவு 9.15

வந்துவிட்டது தாத்தா, ஆப் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெராக்ஸ் அண்ணே, பகடை உருட்டாத கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, மாயா என்று பேர். டொரன்டோ, கார்னெல் பல்கலைக்கழகக்காரர்களும் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து 2020இல் வெளியிட்டது. மற்ற இன்ஜின் எல்லாம் சிறந்த மூவ் எது என்று தேடும். இது அப்படித் தேடாது. லிசெஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய கோடிக்கணக்கான ஆட்டங்களை வைத்துப் பழக்கி, இந்த நிலையில் இந்த ரேட்டிங் உள்ள மனிதன் என்ன ஆடுவான் என்று ஊகிக்கும். 1100 முதல் 1900 வரை தனித்தனி மாயாக்கள் உண்டு. லிசெஸ்ஸிலேயே காசில்லாமல் ஆடலாம். 1100 மாயாவோடு ஆடிப் பாருங்கள். ராணியைச் சும்மா வாயில் போடாது. ஆனால் உங்களையும் என்னையும் மாதிரி ஆசைப்படும், தூரத்து மூலையில் இருந்து வருகிற பிஷப்பைப் பார்க்காது.

இன்னொன்று. ஆட்டம் முடிந்ததும் உடனே இன்ஜினைத் திறந்து ‘மைனஸ் 2.3’ என்று பார்த்துவிட்டு மூடாதீர்கள். அந்த எண்ணுக்கு ஒரு சிப்பாய்தான் அளவுகோல். 2.3 என்றால் ரெண்டே கால் சிப்பாய் மதிப்புக்கு எதிராளி மேலே இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். அது ஏன் என்று அந்த எண் சொல்லாது. டீச்சர் சொன்ன நோட்டில், எந்த இடத்தில் தோற்றேன் என்று உங்கள் ஊகத்தை முதலில் எழுதிவிட்டு அப்புறம் திறங்கள். ரெண்டும் ஒத்துப்போகாத இடம்தான் பாடம்.

அன்டூ பட்டனை அணைத்துவிட்டீர்கள்தானே?

ஜெராக்ஸ்காரன் | வியாழன், இரவு 10.02

அன்டூ பற்றிக் கேட்காமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்துக்கு ஏழு என்று சொன்னதில் எத்தனை அன்டூ என்று நான் சொல்லவில்லை. சரி, இன்றைக்கு அணைத்துவிட்டேன்.

யானைமலை_யானை | வெள்ளி, காலை 6.50

என் பங்குக்கு ஒன்று. மனுஷத் தப்புக்குக் காரணம் இருக்கும் என்றார் பித்தன். சிங்கப்பூரில் 14ஆவது ஆட்டத்தைப் பாருங்கள். டிரா ஆக வேண்டிய நிலை. 55ஆவது மூவில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். யானையை யானையால் மாற்றி, அப்புறம் பிஷப்பையும் மாற்றினால் வெறும் சிப்பாய்க் கட்டம், அதில் குகேஷ் ஜெயம். டிங் அதைப் பார்க்கவில்லை. நாலு மணி நேரம் உட்கார்ந்த களைப்பு, நேர நெருக்கடி, எப்படியாவது காய்களைக் குறைத்து முடித்துவிடலாம் என்கிற எண்ணம். அந்த மாதிரித் தப்பு எதிராளி முகத்தில் தெரியும், கையில் தெரியும். போனில் தெரியாது. அதைப் பார்க்கப் பழக பெஞ்சுக்குத்தான் போக வேண்டும்.

என் கையெழுத்தில் யானைமலை என்று இருப்பதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு: ஒத்தக்கடைக்காரன். புராணத்தில் அது கல்லாய்ப் போன யானை. என் ஆட்டத்திலும் இருபதாவது மூவ் வரை யானை மூலையில் கல்லாகத்தான் நிற்கும்.

ஜெராக்ஸ்காரன் | ஒரு மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

நோட்டு வாங்கினேன். அன்டூ இல்லை. ராஜா, யானை மேட் இப்போது 24 மூவில் வருகிறது, நத்தம்ரோடு அண்ணன் மாதிரி இருபதுக்குள் இல்லை. நாலாம் படியை விட்டுவிட்டேன். 1100 மாயாவோடு ஆடினால் பத்துக்கு மூன்று ஜெயிக்கிறேன். முதல் வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அது எதையும் கொடுக்க மாட்டேன் என்கிறது. இருபது மூவ் ஆகியும் எல்லாக் காயும் போர்டில் நின்றால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இத்தனை நாள் ஒரு பரிசு வந்து விழும், அதை வைத்து ஓட்டலாம் என்று இருந்தவன்தானே. யானையைத் திறந்த கோட்டுக்குக் கொண்டுவருவது, எந்தக் காய் வேலையில்லாமல் நிற்கிறது என்று பார்ப்பது எல்லாம் இப்போதுதான்.

பெரியவரோடு ஐந்து ஆட்டம். நாலு தோல்வி, ஒன்று டிரா. டிராவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நேற்று ராத்திரி நான் மறுபடி கறுப்பு. முப்பதாவது மூவ் வாக்கில் அவர் ராணியைக் கொண்டுவந்து என் குதிரைக்கு நேராக வைத்தார். எந்தக் காவலும் இல்லை. நான் பார்த்தேன். உடனே கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். செக் இருக்கா, எஃப்7 எப்படி இருக்கு, அவர் பிஷப் எங்கே நிற்குது, கடைசி வரிசை காலியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். டீ ஆறிப்போனது. பத்து நிமிஷம் இருக்கும். பெரியவர் எதுவும் பேசாமல் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். இவ்வளவு அமைதியாக இருக்கிறார் என்றால் கட்டாயம் தூண்டில்தான் என்று முடிவு பண்ணி, வெட்டாமல் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினேன்.

அவர் சட்டென்று ராணியை எடுத்துப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். அப்புறம்தான் சிரித்தார். “தம்பி, அது சும்மாதான்யா கிடந்துச்சு. கண்ணாடியை வீட்டில் வச்சிட்டு வந்துட்டேன்” என்றார்.

கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, நாலு சிப்பாய் என்று நின்று, கடை சாத்துகிற நேரம் வந்து டிரா பேசிக்கொண்டோம்.

யானைமலை_யானை | ஞாயிறு, இரவு 9.47

அண்ணே!! ராணியையா விட்டீங்க!! நோட்டில் எழுதினீங்கதானே? அந்த நிலையைப் போடுங்கள், உண்மையிலேயே சும்மாதான் கிடந்ததா என்று பார்ப்போம். எனக்கு அவர் கண்ணாடிக் கதையில் நம்பிக்கை இல்லை.

கணக்கு_டீச்சர் | ஞாயிறு, இரவு 9.55

கையைத் தொடைக்குக் கீழே வைத்தது எனக்குப் பிடித்தது. வெட்டாமல் விட்டது பிடிக்கவில்லை. பத்து நிமிஷம் பார்த்தும் ஆபத்து எதுவும் தெரியவில்லை என்றால் வெட்ட வேண்டும் ஐயா.

ஜிகர்தண்டா | ஞாயிறு, இரவு 10.01

இப்பவாவது சொல்லுங்க, எந்த டீக்கடை?

ஜெராக்ஸ்காரன் | ஞாயிறு, இரவு 10.20

நிலையை நாளைக்குக் கடை திறந்ததும் தட்டச்சு செய்து போடுகிறேன், நோட்டு அங்கே இருக்கிறது.

ஜிகர்தண்டா தம்பி, ஒரு ஆட்டம் ஜெயித்த பிறகு சொல்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதே அங்கே வேடிக்கை பார்க்கிற ஆள் அதிகம். வேண்டுமானால் அடையாளம் சொல்கிறேன்: கறுப்பு பிஷப்புக்குப் பதில் நீலப் பேனா மூடி. கடையில் பிளாஸ்டிக் செட் ஒன்று சும்மா கிடந்தது, அதிலிருந்து ஒரு பிஷப்பை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். போர்டில் பேனா மூடிதான் நிற்கிறது.